பீடம் இல்லாத பூதம்

பூதத்தைக் கொல்வது பெரிய காரியம் அல்ல. கதாசிரியன் மனசு வைத்தால் ஒரே வரியில் கொன்றுவிடலாம். கொன்ற பிறகு அதை என்ன செய்வது என்பதில்தான் கதையின் தரம் தெரிகிறது. இந்த விஷயத்தில் நம் தாமிரபரணிக் கரை ஜனங்களுக்கு இருக்கும் தெளிவு, கோடி கோடியாகப் பணம் போட்டுப் படம் பிடிக்கும் நம் சினிமாக்காரர்களுக்கு இல்லை என்பது என் அபிப்பிராயம். ஜப்பான்காரர்களுக்கு அது ஓரளவு இருந்திருக்கிறது. அதனால்தான் அவர்களுடைய பூதம் ஒன்று எழுபது வருஷமாகச் சாகாமல் இருக்கிறது. நம் பூதங்களோ ஒரு படத்தோடு, மிஞ்சிப் போனால் இரண்டு படத்தோடு, மூச்சை விட்டுவிடுகின்றன.

முதலில் நம் ஊர் சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன். வண்ணார்பேட்டை ஆற்றங்கரையிலிருந்து மேற்கே பாபநாசம் மலை வரை நடந்து பாருங்கள். தோப்பிலும் வயல் வரப்பிலும் சுடுகாட்டு ஓரத்திலும் சுண்ணாம்பு பூசிய பீடங்கள் நிற்கும். சுடலைமாடனைப் போல் கயிலாயத்தில் பிறந்ததாகக் கதை உள்ள தெய்வங்கள் சில. ஆனால் பல பீடங்களுக்கு உரியவர்கள் நம்மைப் போல மனிதர்களாகப் பிறந்து, ஆயுசு முடியுமுன் அடிபட்டோ வெட்டுப்பட்டோ செத்தவர்கள். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் இருக்கும் பட்டவராயன் கதை எல்லாருக்கும் தெரியும். பிராமணனாகப் பிறந்தவன், செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்கள் இருவரைக் கல்யாணம் செய்துகொண்டு அந்தக் குலத்தானாகவே வாழ்ந்தான். மாடு திருட வந்தவர்களோடு மல்லுக்கு நின்று மாண்டான். இன்றைக்கும் ஜனங்கள் அவனுக்குத் தோல் செருப்புக் காணிக்கை செலுத்துகிறார்கள்.

இப்படி அநியாயமாகச் செத்தவன் முதலில் வாதையாகத்தான் வருகிறான். ஊரைப் பயமுறுத்துகிறான். ஊரார் அவனைத் திருப்பிக் கொல்லப் பார்ப்பதில்லை. 'உனக்கு என்ன குறை?' என்று கேட்கிறார்கள். பீடம் போடுகிறார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் கொடை கொடுத்து, வில்லுப்பாட்டில் அவன் கதையைப் பிறப்பிலிருந்து சாவு வரை முழுக்கப் பாடுகிறார்கள். கேட்ட கதைதான், ஆனாலும் சாவு வரும் கட்டத்தில் கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அன்றிலிருந்து வாதை காவல் தெய்வம். கொடையை நிறுத்தினால் மறுபடி வாதை. மூடநம்பிக்கை என்று நீங்கள் சொல்லலாம். நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் செய்த அநியாயத்தை மறக்காமல் இருப்பதற்கு மனிதன் கண்டுபிடித்த வழிகளில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது அதிகம் கிடையாது.

இந்தக் கண்ணோடு ஜப்பானியரின் 'கோஜிரா'வைப் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரன் வாயில் அது காட்ஸில்லா ஆயிற்று. கொரில்லாவையும் திமிங்கிலத்தையும் குறிக்கும் ஜப்பானியச் சொற்களைக் கலந்து செய்த பெயர். முதல் படம் 1954 நவம்பர் 3-ஆம் தேதி வெளிவந்தது. டோஹோ கம்பெனித் தயாரிப்பு. டைரக்டர் இஷிரோ ஹோண்டா, போர் முடிந்து சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் சாம்பலைக் கண்ணால் கண்டவர்.

படம் வந்த வருஷத்தைக் கவனிக்க வேண்டும். அந்த 1954 மார்ச் 1-ஆம் தேதி, பிகினித் தீவில் அமெரிக்கர்கள் ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தார்கள். தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் மழையாகப் பெய்தது. படகில் இருந்த 23 பேரும் நோயில் விழுந்தார்கள். அவர்களில் ரேடியோ இயக்கிய ஆள் செப்டம்பரில் இறந்துபோனார். அவர் இறந்து ஆறு வாரத்துக்குள் படம் தியேட்டருக்கு வந்துவிட்டது. படத்தின் முதல் காட்சியே, கடலில் ஒரு கப்பல் வெளிச்சத்தில் எரிந்து முழுகுவதுதான். பார்த்தவர்கள் யாரும் அது வெறும் கற்பனை என்று நினைத்திருக்க முடியாது.

படத்தில் ஓடோ என்று ஒரு தீவு வருகிறது. அங்கே ஒரு கிழவன் சொல்கிறான்: மீன் கிடைக்காத காலத்தில், கடலில் இருக்கும் கோஜிராவுக்குக் கன்னிப் பெண்களைப் பலியாக விடுவது பழைய வழக்கம், இப்போது அதில் மிஞ்சியிருப்பது இந்த முகமூடி ஆட்டம் மட்டும்தான். இளவட்டங்கள் கிழவனைக் கேலி செய்கிறார்கள். இந்த இடத்தில் நம் ஊர்க்காரன் நிமிர்ந்து உட்காருவான். கொடை தேய்ந்துபோன தெய்வம் என்பது அவனுக்குப் பழகின சங்கதி. பசியோடு கிடக்கும் அந்தத் தெய்வத்தின் தலையில் குண்டும் விழுந்தால் கேட்க வேண்டுமா? கோஜிரா கரையேறி டோக்கியோவைக் கொளுத்துகிறது.

ஐம்பது மீட்டர் உயரம் என்று கணக்கு. ஆனால் அந்த உருவத்தின் பயங்கரம் அதன் உயரத்தில் இல்லை. நகரம் எரிந்த மறுநாள், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காயம்பட்டவர்கள் வரிசையாகக் கிடக்கிறார்கள். ஒரு சின்னக் குழந்தையின் பக்கத்தில் கதிரியக்கம் அளக்கும் கருவியைக் கொண்டுபோகிறார்கள். அது கடகடவென்று சத்தம் போடுகிறது. டாக்டர் தலையை ஆட்டுகிறார். ராட்சத மிருகப் படங்களில் இதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ கட்டிடங்கள் இடிந்திருக்கின்றன. இடிபாட்டுக்கு அடியில் யார் கிடக்கிறார்கள் என்று இவ்வளவு நிதானமாகப் பார்த்த படம் அபூர்வம்.

கடைசியில் செரிசாவா என்ற விஞ்ஞானி, தண்ணீரிலுள்ள பிராணவாயுவை அழிக்கும் தன் கண்டுபிடிப்பால் கோஜிராவைக் கொல்கிறான். அந்த வித்தை இன்னொருவன் கைக்குப் போய்விடக் கூடாது என்று தானும் கடலடியிலேயே செத்துப்போகிறான். கோஜிரா எலும்பாய்க் கரையும்போது கொண்டாட்டம் மனசில் ஒட்டவில்லை. முதிய பேராசிரியர் ஒருவர், குண்டுச் சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு கோஜிரா வரும் என்று முணுமுணுக்கிறார். கொன்றாயிற்று, ஆனால் தீரவில்லை. வில்லுப்பாட்டு அண்ணாவி ஒருவரிடம் இந்தக் கதையைக் கொடுத்தால் இதே இடத்தில்தான் உடுக்கையை இறுக்கிப் பிடிப்பார்.

ஜப்பானுக்கும் இது புதிதல்ல. சுகவாரா மிச்சிஸானே என்ற பண்டித மந்திரி பொய்ப்பழியால் ஊர் கடத்தப்பட்டு 903-இல் இறந்தார். பிறகு தலைநகரில் சாவும் இடியும் மின்னலும் தொடர்ந்தன. 'அவருடைய கோபம்தான்' என்று பயந்த ஜனங்கள், பத்தாம் நூற்றாண்டின் நடுவில் கியோட்டோவில் அவருக்குக் கோயில் கட்டினார்கள். இன்றைக்கு அவர் கல்வித் தெய்வம். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். பட்டவராயன் இருக்கும் மலைக்கும் கியோட்டோவுக்கும் வெகு தூரம். மனசு ஒன்றுதான்.

பத்து வருஷம் கழித்து, 1964-இல், கோஜிராவும் இந்த வழியில் திரும்பியது. மூன்று தலை நாகம் ஒன்று ஆகாயத்திலிருந்து வந்து உலகை அழிக்கிறது. மாத்ரா என்னும் ராட்சதப் புழு, கோஜிராவிடமும் ரோடான் என்ற பறவையிடமும் உதவி கேட்கப் போகிறது. அவை பேசுவதை இரண்டு குட்டித் தேவதைகள் மனிதர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறார்கள். 'மனிதர்கள் எப்போதும் எங்களை இம்சித்தவர்கள், அவர்களை நாங்கள் ஏன் காப்பாற்ற வேண்டும்?' என்பது கோஜிராவின் வாதம். ஒரு சாமிகொண்டாடி மேல் தெய்வம் இறங்கி ஊராரிடம் குறை சொல்கிற காட்சி இது, அச்சு அசல். புழு தனியே போய் அடிபடுவதைக் கண்டபின்தான் அதன் மனசு இளகுகிறது. அன்று முதல் அது காவல்.

சாமிகொண்டாடி என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. ஹாருவோ நகாஜிமா என்ற நடிகர் 1954 முதல் 1972 வரை அந்த உடுப்புக்குள் நின்று ஆடினார். முதல் உடுப்பு சுமார் நூறு கிலோ கனம். உள்ளே புழுக்கம் தாங்காது. சில அடிகளுக்கு மேல் நடக்க முடியாது. அந்தத் தடுமாற்றமே தெய்வத்தின் நடையாக அமைந்துவிட்டது. பிற்காலத்தில் யந்திரக் கணக்குகளால் வரையப்பட்ட எத்தனையோ உருவங்கள் வந்தன. உள்ளே ஒரு மனிதன் வேர்த்துக்கொண்டிருக்கிறான் என்ற உணர்வு அவற்றில் கிடையாது.

காவல் தெய்வத்துக்கும் ஒரு வியாதி உண்டு. பயம் முழுக்கப் போய்விட்டால் அது பொம்மை ஆகிவிடும். 1965-இல் கோஜிரா வேற்றுக் கிரகத்தில் குதித்து ஆடுகிறது. 1967-இல் அதற்கு ஒரு பிள்ளை. 1969-இல் அது ஒரு சிறுவனின் கனவில் வருகிறது. நடுவே 1971-இல் ஆலைக் கழிவும் புகையும் திரண்டு உருவான ஹெடோரா என்ற சேற்றுப் பூதத்தோடு அதை மோதவிட்டார்கள். ஜப்பான் தன் ஆறுகளையும் கடலையும் விஷமாக்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் படம் தவிர மற்றவற்றில் சாப்பாடு உண்டு, பாட்டு இல்லை. கதை பாடாத கொடை வெறும் ஆட்டுக்கறி விருந்துதான். 1975-இல் கூட்டம் குறைந்து, வரிசை நின்றுபோனது.

1984-இல் அதை மறுபடி எழுப்பியவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். இடையில் வந்த படங்கள் அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, 1954-இன் கதையை மட்டும் அஸ்திவாரமாக வைத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த பல படங்களும் இப்படியே செய்தன. வியாபார உலகில் இதைப் புது ஆரம்பம் என்பார்கள். எனக்கு இது வில்லுப்பாட்டின் முறையாகத் தெரிகிறது. ஒவ்வொரு கொடையிலும் கதை பிறப்பிலிருந்துதான் பாடப்படும். போன வருஷம் பாடியதோடு சேர்த்து மேலே பாடுவதில்லை.

2001-இல் ஷூசுகே கானெகோ எடுத்த படம் ஒளிவு மறைவு இல்லாமலே பேசிவிட்டது. பசிபிக் யுத்தத்தில் மாண்டவர்களின் ஆவிகள் கோஜிராவுக்குள் புகுந்திருக்கின்றன. ஜனங்கள் தங்களை மறந்துவிட்டார்கள் என்பதுதான் அவற்றின் கோபம். அந்தக் கோஜிராவின் கண்ணில் விழி கிடையாது, வெறும் வெள்ளை.

2016-இல் வந்த 'ஷின் கோஜிரா', பூகம்பமும் கடல் கோளும் புகுஷிமா அணு உலை விபத்தும் நடந்து ஐந்து வருஷத்துக்குப் பின் எடுத்தது. டைரக்டர் ஹிடெயாகி அன்னோ அதிகாரிகளையும் அவர்களுடைய கூட்டங்களையும் காட்டியே பாதிப் படத்தை ஓட்டுகிறார். பூதம் ஊருக்குள் வந்துவிட்டது. எந்த இலாகாவின் பொறுப்பு என்று தீர்மானமாகவில்லை. கடைசியில் அதைக் கொல்வதில்லை. உறைய வைக்கிறார்கள். டோக்கியோவின் நடுவில், ரயில் நிலையத்தின் அருகே, அது அப்படியே நிற்கிறது. இனி ஜனங்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் வேலைக்குப் போய்வர வேண்டும். பீடம் என்பது வேறென்ன? அதன் வாலின் நுனியில் மனித உருவங்கள் முளைக்கத் தொடங்கியிருப்பதைக் காட்டிப் படம் முடிகிறது. 2023-இல் வந்தது 'காட்ஸில்லா மைனஸ் ஒன்'. காட்சி ஜாலங்களுக்காக ஆஸ்கார் பரிசு பெற்றது. பரிசைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. போரில் தோற்றுத் திரும்பியவர்கள் படகுகளில் சென்று பூதத்தை வீழ்த்துகிறார்கள். அது சிதைந்து கடலில் அமிழும்போது கைதட்டவில்லை. நின்று சல்யூட் அடிக்கிறார்கள்.

அமெரிக்கர்களும் இதே பூதத்தை வாங்கிப் படம் எடுத்தார்கள். 1998-இல் எடுத்தபோது பழியைப் பிரெஞ்சுக்காரரின் குண்டுச் சோதனைமேல் போட்டார்கள். 2014-இல் இன்னும் சாமர்த்தியம்: 1954-இல் பிகினியில் வெடித்தது சோதனையே அல்ல, பூதத்தைக் கொல்லச் செய்த முயற்சி என்று கதையை மாற்றினார்கள். வெட்டியவனே அண்ணாவியாக உட்கார்ந்து வில்லடித்தால் பாட்டு இப்படித்தான் இருக்கும். தொழில் திறமை ஏராளம். ஆனால் அங்கே கோஜிரா ஒரு பெரிய மிருகம், அவ்வளவே.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

தமிழ் சினிமாவில் பூதத்துக்குப் பஞ்சமில்லை. 1957-இல் கே.வி. ரெட்டி எடுத்த 'மாயாபஜா'ரில் எஸ்.வி. ரங்காராவ் கடோத்கஜனாக வந்தார். கல்யாண வீட்டுச் சமையல் முழுவதையும் ஒருவனாகத் தின்று தீர்க்கும் அந்தக் காட்சியில் மார்க்கஸ் பார்ட்லேயின் காமிரா செய்த வேடிக்கையை இன்று பார்த்தாலும் சிரிப்பு வரும். அப்பழுக்கற்ற ஹாஸ்யப் படம். அதில் நான் குறை காண வரவில்லை. ஆனால் பாரதத்தில் கடோத்கஜனுக்கு ஒரு சாவு உண்டு. அர்ஜுனனுக்காகக் கர்ணன் பூட்டி வைத்திருந்த சக்தி ஆயுதத்தை இவன்மேல் செலவழிக்க வைத்தார்கள். விழும்போதும் உடம்பைப் பெருக்கி எதிரிச் சேனையை நசுக்கிக்கொண்டு விழுந்தான். பாண்டவர்கள் அழுதார்கள், கண்ணன் மகிழ்ந்தான். பெரிய இடத்துப் பிள்ளைக்காகக் காட்டு வழியில் பிறந்த பிள்ளை பலியான கதை அது. நம் சினிமா பூதத்தின் வயிற்றை எடுத்துக்கொண்டது, சாவை விட்டுவிட்டது. 1967-இல் 'பட்டணத்தில் பூதம்' வந்தது. ஜாவர் சீதாராமனின் பூதம் ஜாடிக்குள்ளிருந்து வந்து எஜமானுக்கு ஏவல் செய்கிறது. சிரிக்க வைக்கிறது, சந்தோஷம். ஆனால் வேலைக்காரனுக்கு யாரும் பீடம் போடுவதில்லை.

நிஜமான வாய்ப்பு 2010-இல் வந்தது. ஷங்கரின் 'எந்திர'னில் ரஜினிகாந்த் நடித்த சிட்டி என்ற யந்திர மனிதன், காதல் கேட்டதற்காகப் படைத்தவன் கையாலேயே துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் எறியப்படுகிறான். பிறகு வாதையாக வருகிறான். நூற்றுக்கணக்கான சிட்டிகள் ஒட்டிக்கொண்டு உருண்டையாகவும் பாம்பாகவும் ராட்சத மனிதனாகவும் எழுகிறார்கள். ஆரவாரம் அதிகம். ஆனால் அந்தப் படத்தின் உயிர் கடைசிச் சில நிமிஷத்தில் இருக்கிறது. கோர்ட் உத்தரவுப்படி சிட்டி தன்னைத் தானே கழற்றிப்போடுகிறான். பிறகு காட்சிசாலை அலமாரியில், ஒரு பள்ளிக்கூடச் சிறுமியின் கேள்விக்கு, சிந்திக்கத் தொடங்கியதுதான் தன் குற்றம் என்று பதில் சொல்கிறான். அங்கே ஒரு பீடம் பாதி எழும்பியது.

2018 நவம்பரில் வந்த '2.0' அந்தப் பாதிப் பீடத்தையும் இடித்துவிட்டது. இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன். ஏனென்றால் அதில் வரும் பட்சிராஜன், வில்லுப்பாட்டுக்கென்றே பிறந்த பாத்திரம். அக்ஷய் குமார் நடித்திருக்கும் அந்தப் பறவை நேசர், குருவிகள் சாவதைப் பொறுக்காமல் மந்திரி, கோர்ட், கம்பெனி முதலாளி என்று வாசல் வாசலாக ஏறி இறங்குகிறார். எங்கும் கதவு திறக்கவில்லை. செல்போன் கோபுரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டு சாகிறார். செத்த பறவைகளின் ஆவியோடு சேர்ந்து, ஊரிலுள்ள போன்களையெல்லாம் இழுத்து ராட்சதப் பறவையாக எழுகிறார். கோபுரத்து அலைகளால் குருவி சாகிறது என்பதை விஞ்ஞானம் நிரூபித்ததாகச் சொல்வதற்கில்லை. அது வேறு விவகாரம். கதைக்குள் அவர் நீதி கேட்டுச் செத்தவர். அவருடைய பூர்வ கதை ஓடும் அந்தப் பகுதி, படத்தில் மனசைத் தொடும் ஒரே பகுதி.

இனி ஊர் என்ன செய்ய வேண்டும்? 'என்ன குறை?' என்று கேட்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. பழைய வாதையான சிட்டியைத் தட்டி எழுப்பிப் புது வாதையை அடக்க அனுப்புகிறார்கள். பந்தாட்ட மைதானத்தில் இரண்டு ராட்சத உருவங்கள் மோதுகின்றன. அதிலும் அடங்கவில்லை என்றதும், குட்டி யந்திரங்கள் புறாக்களின் முதுகில் ஏறி வந்து, அந்தப் பறவைகளையே பணயமாக வைத்து மிரட்டுகின்றன. பறவைக்காகச் செத்தவனைப் பறவையைக் கொன்றுவிடுவேன் என்று சொல்லி மடக்குகிறார்கள், தியேட்டர் கைதட்டுகிறது. பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி விஞ்ஞானி, பட்சிராஜனின் நோக்கம் நல்லதுதான் என்று மந்திரியிடம் ஓரிரு வார்த்தை சொல்கிறார். சல்யூட் இல்லை, பாட்டு இல்லை, பீடம் இல்லை. அந்தப் பூதத்துக்கு ஒரு மறு வருகை இருக்குமானால் அது பணத்துக்காக இருக்குமே தவிர, நம் மனசு உறுத்துவதால் இராது.

பூதம் பெரிதாக இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். '2.0' வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, அதே 2018-இல், நம் நெல்லைச் சீமைக் கதையாக 'பரியேறும் பெருமாள்' வந்தது. மாரி செல்வராஜ் எடுத்த படம். அதில் கருப்பி என்று ஒரு வேட்டை நாய். ஜாதித் திமிர் பிடித்தவர்கள் அதைத் தண்டவாளத்தில் கட்டி ரயிலுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஊரார் அந்த நாய்க்கு ஒப்பாரி வைத்து, மனிதருக்குச் செய்வதுபோல் அடக்கம் செய்கிறார்கள். பிற்பாடு பரியனைக் கொன்று அதே தண்டவாளத்தில் போட வரும்போது, அந்த நாய் நீல நிறமாய் வந்து அவனை எழுப்புகிறது. அநியாயச் சாவு, ஒப்பாரி, காவல். மூன்றும் வரிசையாக இருக்கின்றன. கோஜிராவின் உடன்பிறப்பைத் தமிழில் தேடினால், அது ஆகாயம் மறைக்கும் பறவை அல்ல, முழங்கால் உயரத்து நாய்.

இதையெல்லாம் வெறும் சினிமாப் பேச்சாக நினைத்து நான் எழுதவில்லை. வண்ணார்பேட்டைக்கு அடுத்த கொக்கிரகுளத்தில், 1999 ஜூலை 23-ஆம் தேதி, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளுக்காக ஊர்வலம் வந்தவர்கள் மேல் போலீஸ் தடியடி நடந்தது. தப்பிக்க ஆற்றில் இறங்கியவர்களில் 17 பேர் பிணமாக மிதந்தார்கள். அவர்களில் ஒன்று கைக்குழந்தை. வருஷா வருஷம் அந்த நாளில் ஜனங்கள் வந்து ஆற்றில் மலர் தூவுகிறார்கள். தூவுகிறவர்களுக்கு எந்தச் சினிமாவும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அவர்கள் பாட்டன் பூட்டன் விட்டுப்போன பழக்கம்: தண்ணீரிலிருந்து எழும்புவதற்கு முன்பே போய்க் கேட்டுவிடுவது.

நம் பூதப் படக்காரர்கள் அடுத்த முறை ஸ்டூடியோவில் உருவத்தின் உயரத்தை மீட்டர் கணக்கில் தீர்மானிக்க உட்காருவதற்குமுன், ஒரு கொடை ராத்திரி இந்தப் பக்கம் வந்து வில்லுப்பாட்டுப் பந்தலில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகலாம். செலவு அதிகமில்லை. விடிய விடியக் கண் விழிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.